விட்டாச்சு

பத்மநாதனுக்கு முதுகில் ஒரு வலியும் இல்லை. ஆறு மாதமாக அவன் மனைவி இசபெல் அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்து வந்தாள். அவனும் குப்புறப் படுத்து வெட்கமில்லாமல் காட்டிக்கொண்டிருந்தான். வலி என்று அவன் சொல்லி வைத்ததன் உண்மையான பெயர் பயம். ஐம்பதைத் தொடப்போகிற ஆம்பிளை ஒரு பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்று பெண்சாதியிடம் சொல்வதா? பழியை முதுகின் மேல் போட்டுவிட்டு, வண்டிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டான்.

கல்யாணங்களுக்கு மணவறை வாடகைக்குக் கொடுப்பது அவர்கள் தொழில். எட்டுத் தூண், ஒரு கூரை, இரண்டு சிம்மாசனம், பின்னால் நிற்கும் இரண்டு பிளாஸ்டிக் யானை. எல்லாவற்றையும் ட்ரெய்லரில் அடுக்கி, டீசல் பிக்கப்பில் கொழுவி லண்டன் முழுக்க இழுத்துக்கொண்டு போக வேண்டும். இசபெல் வேதக்காரி, ஞாயிறானால் சேர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் மணவறையை எந்தத் திசை பார்த்து வைப்பது என்பதில் ஐயரோடேயே வாதாடுவாள்.

அந்தப் பெப்ரவரியில் பத்மநாதன் ஸ்ட்ரெதமில் ஓர் ஏற்றத்தில் சிக்னலுக்கு நின்றான். பச்சை விழுந்ததும் மிதித்தான். எஞ்சின் உறுமியது, வண்டி ஏறவில்லை. ஓட்டோமற்றிக் கியர்பெட்டி சூடேறி வழுக்கிவிட்டது. மூன்று தொன் சுமையும் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. பக்கக் கண்ணாடியில், ட்ரெய்லருக்கு நேர் பின்னால், ஒரு தாய் தன் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்துகொண்டிருந்தாள். அவன் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, போனில் கதைத்தபடி போய்விட்டாள். அவள் போய்விட்டாள், அந்தத் தள்ளுவண்டி மட்டும் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்றைக்கே முதுகு வலி வந்தது.

நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த வருசம் கல்யாணங்கள் குறைவு. வன்னியில் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு யாருக்கும் மேளம் கேட்க மனம் இல்லை. நாள் குறித்தவர்களும் ஆவணிக்குத் தள்ளிப் போட்டார்கள். வந்த ஒன்றிரண்டு ஓடர்களில் குட்மேய்ஸ், இல்ஃபர்ட் என்று மேடில்லாத இடங்களை மட்டும் பத்மநாதன் ஒப்புக்கொண்டான். மற்றவற்றுக்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னான். அவன் வீட்டில் இல்லாத ஒரு நாள் பார்த்து, ஸ்ட்ரெதம் கல்யாணம் ஒன்றுக்கு இசபெல் ‘ஓம்’ சொல்லிவிட்டாள்.

மண்டபம் அதே ஏற்றத்தில். சாமான் இறக்குகிற பக்கத்து வீதி அதைவிடச் சரிவு.

ஒரு மாதம் அவன் நித்திரையைக் கெடுத்துக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். கொம்பனிக்காரன் போட்ட கியர்பெட்டியைப் பாரம் இழுக்கிறதுக்கு ஏற்றமாதிரிப் பலப்படுத்த வெளியில் வேறு சாமான்கள் விற்கிறார்கள். எண்ணெயைக் குளிராக்கும் பெரிய கூலர் ஒன்று. கியர் வழுக்காமல் பிடிக்கிற வால்வ் பெட்டி ஒன்று. எஞ்சினின் இழுவையைக் கியர்பெட்டிக்குக் கொடுக்கிற கொன்வேட்டரில் தடித்த பிளேட் வைத்தது ஒன்று. கூலர் மட்டும் போதும் என்றான் அவுஸ்திரேலியாவில் ஒருவன். கூலர் மட்டும் போட்டவனுக்கு நடுவீதியில் வண்டி படுத்துவிட்டது என்றான் இன்னொருவன். பிடி இறுகினால் கியரின் மற்றப் பல்லெல்லாம் உடையும் என்றான் மூன்றாமவன். ஒவ்வொருவன் எழுதியதையும் பத்மநாதன் குறித்து வைத்தான். கடைசியில் மூன்றையும், கியர் லீவரைக் கியர்பெட்டியோடு இணைக்கிற கம்பிக்கு ஒரு புதுப் பின்னையும் வாங்கினான். பயந்தவனுக்குத் தெரிவு செய்ய வராது.

அவற்றை வண்டியில் பூட்டியவர் வைத்தியநாதன். ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குக் கீழே கராஜ் வைத்திருந்தார். கைராசிக்காரர். வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிற மனிதர். வெள்ளிக்கிழமை பின்நேரம் அவர் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடக்க, பத்மநாதன் மேலே கடுதாசியும் பேனையுமாக நின்று ஒவ்வொன்றாக வாசித்தான்.

“எண்ணெய், அண்ணை?”

“விட்டாச்சு.”

“கூலர் பைப்?”

“விட்டாச்சு.”

“கியர்க் கம்பியில போடுற பின்?”

“அது விட்டாச்சு.” அதற்குப் பிறகு வைத்தியநாதன் இன்னும் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ரயில் போனது. வளைவு முழுக்க அதிர்ந்தது. திரும்பக் கேட்டிருக்கலாம். இவ்வளவு பேசாதவரிடம் இன்னொரு தரம் கேட்பானேன் என்று பத்மநாதன் கடுதாசியில் மூன்றாவது சரியையும் போட்டான்.

கல்யாணத்தன்று, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, முதுகைச் சாக்குச் சொன்ன பத்மநாதனை வீட்டில் விட்டுவிட்டு இசபெல் ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டாள். அரைமணி நேரம் கழித்து அவள் போன் செய்தாள். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுதாம். பத்மநாதனுக்கு ஆறு மாதத்தில் முதல்தரமாக மூச்சு நேரே வந்தது. கழற்றிய பழைய சாமான்களை எடுத்துவரலாம் என்று கராஜுக்கு நடந்தான்.

மேசையில், சின்னப் பிளாஸ்டிக் பையில், அந்தப் பின் இருந்தது. பை பிரிபடவே இல்லை.

“இதென்ன அண்ணை?”

வைத்தியநாதன் தேநீரை உறிஞ்சிக்கொண்டு பார்த்தார். “அந்தப் பின்தான். நீர் வாங்கினது தடிப்பு, ஓட்டைக்குள்ள போகேல்லை. அதை விட்டாச்சு, திங்கக்கிழமை வேற எடுத்துப் போடுறன் எண்டு நேற்றே சொன்னனே.”

எண்ணெய் விட்டாச்சு என்றால் ஊற்றியாச்சு. பைப் விட்டாச்சு என்றால் நுழைத்தாச்சு. பின் விட்டாச்சு என்றால் மட்டும், போடாமல் விட்டாச்சு. ஊற்றுவதற்கும் நுழைப்பதற்கும் கைவிடுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படித்தான் சீவித்தோமோ! பத்மநாதன் பையைத் தூக்கிப் பிடித்தான்.

“அப்ப கம்பி என்னத்தில நிக்குது?”

“பிளாஸ்டிக் கட்டால இறுக்கிக் கட்டிவிட்டிருக்கிறன். ஓடுறதுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா கட்டுக் கொஞ்சம் இளகும். மேல லீவரைப் பார்க்கில போட்டாலும் கீழ வண்டியைப் பிடிச்சு நிப்பாட்டுற பல்லு முழுசா விழாது, விளிம்பில நிக்கும். ஆட்டினா நழுவும். ஹான்ட் பிரேக் இழுத்தாச் சரி.” பிறகு தன் நியாயத்தையும் சேர்த்துச் சொன்னார். “ஹான்ட் பிரேக் போடாம ஆர் இறங்குவினம், தம்பி?”

இசபெல் இறங்குவாள். அவள் வண்டி பழகியது ஒல்லாந்தில், பிரேடாவில். சைக்கிள்காரன் பாலம் ஏறினாலே மலை ஏறியதாகச் சொல்லுகிற தட்டையான நாடு. பார்க்கில் போடு, சாவியை எடு, இறங்கு, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். லண்டனுக்கு வந்து அந்த லைசன்ஸைக் காட்டி இந்த லைசன்ஸை வாங்கினாள். சோதனை இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவன் பத்மநாதன் ஒருவன்தான். வண்டியில் ஏறினால் பயத்தை மறைப்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்ததில், அவள் கை எங்கே போகிறது என்று அவன் கவனித்தானா என்ன?

போன் செய்தான். அடித்து அடித்து நின்றது. மண்டபத்துக்கு வந்துவிட்டால் அவள் போனைக் கைப்பைக்குள் போட்டு முன் இருக்கையில் வைத்துவிடுவாள். திரும்ப அடித்தான். திரும்பவும் அதேதான்.

மணி ஒன்பதரை. இந்நேரம் மண்டபத்துப் பக்க வீதியில், வண்டியின் மூஞ்சியை மேடு பார்க்க நிற்பாட்டியிருப்பாள். ட்ரெய்லரின் கதவு பின்பக்கம். அதைத் திறந்து, கதவுக்கு நேரே நின்றுதான் தூண்களை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க வண்டி ஆடும். அந்த வீதி அவனுக்குத் தெரியும்; ட்ரெய்லரிலிருந்து பத்தடிக்குப் பின்னால் கருங்கல் மதில்.

பத்மநாதன் கராஜுக்கு வெளியே ஓடிவந்து நடைபாதையில் நின்றான். ஓடி என்ன செய்ய? ரயிலில் போனாலும் ஒரு மணித்தியாலம். கல்யாணப் பெண்ணின் தகப்பன் செல்வரத்தினத்தின் நம்பர் சட்டைப்பையில் கிடந்த ஓடர் துண்டில் இருந்தது. விரல் வழுக்கி இரண்டு தரம் பிழையாக அடித்தான்.

“ஹலோ, ஆரது?” பின்னால் மேளகாரர் தட்டிப் பார்க்கிற சத்தம்.

“ஐயா, நான் மணவறைப் பத்மநாதன். இசபெல் எங்க?”

“வந்திட்டா, தம்பி. வெளியில சாமான் இறக்குறா. மூண்டு தூண் உள்ள வந்திட்டுது. ஏன், முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்குத்தானே?”

“ஐயா, உடன வெளியில போங்கோ. அவவை ட்ரெய்லருக்குப் பின்னால நிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. வண்டி நழுவும்.”

கல்யாண வீட்டுக்காரர் வேகமாகப் போவாரா? வேட்டி தடுக்கும், வருகிற சனத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும். யாரோ “வாங்கோ, வாங்கோ” என்பதும் செல்வரத்தினம் “இருங்கோ, வாறன்” என்பதும் போனில் கேட்டது. கதவு ஒன்று திறந்தது. வெளியே காற்றுச் சத்தம்.

“பிள்ளை! உம்மட அவர் வண்டி நழுவும் எண்டுறார்!”

தூரத்திலிருந்து இசபெலின் குரல் வந்தது. தெளிவான, அலட்சியமான குரல். செல்வரத்தினம் அதைத் திருப்பிச் சொன்னார்.

“பார்க்கில விட்டாச்சாம், தம்பி. ஒண்டும் நடக்காதாம். நாலாவது தூணை எடுத்திட்டுக் கதைக்கிறாவாம்.”

விட்டாச்சு. அந்தச் சொல் பத்மநாதனின் நெஞ்சில் இடித்தது.

“ஐயா, பின் போடேல்லை எண்டு சொல்லுங்கோ! கம்பி இளகும், பல்லு விழாது, ஹான்ட் பிரேக்...”

“என்ன பின், தம்பி? எனக்கு உது ஒண்டும் விளங்கேல்லை. அவ தூணைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிக்கிறா.”

பின்னும் கம்பியும் பல்லும். ஒரு மாதமாக அவன் படித்துத் தள்ளிய சங்கதிகள். அதில் ஒன்றாவது இப்போது அவளை ஓரடி நகர்த்தவில்லை. பத்மநாதன் கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு, கல்யாணம் கட்டி இருபது வருசமாக வாயில் வராத சொல் வந்தது.

“எனக்குப் பயமாக் கிடக்கெண்டு சொல்லுங்கோ.”

“என்ன?”

“பயம், ஐயா. எனக்குப் பயமாக் கிடக்கு. அதை மட்டும் சொல்லுங்கோ.” குரல் உடைந்து அவன் அழுதுவிட்டான். வீதியில் போன ஒருத்தி விலகி நடந்தாள்.

“பிள்ளை!” செல்வரத்தினத்தின் குரலும் மாறிவிட்டது. “அவர் தனக்குப் பயமாக் கிடக்காம் எண்டுறார். அழுறார் போல.”

இசபெல் கேட்பது கேட்டது. “ஆர், அவரோ?” தூணைச் சாய்த்து வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம், முதலில் மெல்ல, பிறகு விறுவிறு என்று. “இஞ்ச தாங்கோ, ஐயா.” அவளுடைய மூச்சு அவன் காதுக்குள் வந்தது.

“இஞ்சாருங்கோ, என்னப்பா? ஏன் அழு...”

இரும்பு கிறீச்சிட்டது. சரளைக்கல் நெரிபட்டது. யாரோ ஒரு பெண் கத்தினாள். பிறகு இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பத்மநாதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு “இசபெல், இசபெல்” என்று கத்தினான். வைத்தியநாதன் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, அவன் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“நிக்கிறன்,” என்றாள் அவள்.

“என்ன?”

“நான் நிக்கிறன். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ட்ரெய்லர் போய் மதிலில இடிச்சு நிக்குது. யானை ரெண்டும் போச்சு. கதவு... நான் நிண்ட இடத்தில கதவு...” பல்லோடு பல் அடிக்கிற சத்தம் கேட்டது.

“பெப்ரவரியில இருந்து பயம், இசபெல். அந்த ஏத்தத்தில எனக்கு வண்டி பின்னால போனது. ஒரு பிள்ளை... தள்ளுவண்டியில... உம்மட்டைச் சொல்லேல்லை.”

“அப்ப முதுகு?”

“முதுகில ஒண்டுமில்லை.”

அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து மேலே ரயில் வந்தது. பாலம் அதிர, அவள் சொன்னது முழுக்க அதில் அமிழ்ந்துபோனது. பத்மநாதன் அசையாமல் நின்றான். கடைசிப் பெட்டியும் போகும்வரை பொறுத்திருந்தான்.

“கேக்கேல்லை,” என்றான். “திருப்பிச் சொல்லும்.”

“உடன வாங்கோ எண்டனான். எனக்கும் பயமாக் கிடக்கு.”