ஏழாவது கை

அந்தச் சலவைக் கூடத்தில் மேஸ்திரி கிடையாது. ஏழு பேர், ஏழு பேருக்கும் ஒரே அதிகாரம். எதுவானாலும் உட்கார்ந்து பேசி, ஏழு கையும் உயர்ந்தால்தான் முடிவு. பேசி முடியும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்டவளே இஸ்திரி அக்காதான். போன மாதம் மெஷின்காரர் பாதியில் நழுவப் பார்த்தபோது கதவை மறித்து நின்றவளும் அவள்தான். இப்போது யாரைச் சொல்லி நோக?

இன்று அவளுக்கு வேண்டியது ஒரு மணி நேரம். தங்கச்சி வேலைக்காக வெளிநாடு போகிறாள். திரும்ப மூன்று வருஷம் ஆகும். பஸ் நாலரைக்கு. ஸ்டாண்டு பத்து நிமிஷ நடை. நாலிலிருந்து ஐந்துவரை அனுமதி கேட்டு மூன்றரைக்கே எல்லாரையும் உட்கார வைத்தாள்.

ஒருவர்கூட மறுக்கவில்லை. அதுதான் கொடுமை. தாராளமாகப் போய்வரச் சொன்ன வண்டிக்காரர் அதோடு விட்டாரா? நாளைக்கு இன்னொருவர் கேட்டால் என்ன செய்வது, பொதுவாக ஒரு விதி போட்டுவிடலாமே என்றார். சொந்தத் தங்கைக்கு ஒரு மணி நேரம் என்றால் சித்தி மகளுக்கு எவ்வளவு என்று மடிப்புக்காரி கேட்டாள். அப்புறம் மச்சினி வந்தாள், ஒன்றுவிட்ட மாமா வந்தார். உலகத்திலுள்ள சொந்தமெல்லாம் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மணி நாலேகால். அவள் குறுக்கே புகுந்தாள்.

"எல்லாரும் சரின்னுதானே சொல்றீங்க? கையத் தூக்குங்க, நான் ஓடிடறேன்."

"பேசி முடிக்காம எப்படிக்கா?" மெஷின்காரர் குரலில் துளிக் கோபம்கூட இல்லை. "அன்னிக்கு எம்புள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்னு கேட்டப்ப, நீங்க சொன்னதுதானே."

அந்தப் பிள்ளை அன்று பள்ளி வாசலில் ஒரு மணி நேரம் தனியாக நின்றது. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து போயிருக்கலாம், யாரும் கட்டிப் போடவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு கால் வரவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் விதி தயாரானது. ஆறு கைகள் உயர்ந்தன. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளும் தூக்கினாள். கைதட்டினார்கள். நாலு முதல் ஐந்துவரை அனுமதி என்று நோட்டில் எழுதி, வண்டிக்காரர் கையெழுத்துக்கு நீட்டினார்.

போனில் தங்கச்சியின் செய்தி வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பஸ் எடுத்தாச்சுக்கா, கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துட்டிருந்தேன்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கேக்கா," என்றாள் மடிப்புக்காரி அக்கறையோடு. "கிளம்புங்க."