பதினோரு பேர் விட்டுப்போன வேலை

தென்காசிப் பக்கத்து அந்தக் கல்லூரியில், மூன்றாம் ஆண்டு உளவியல் மாணவர்களிடம் ஆட்கள் அல்ல, வேலைகளே ஆலோசனைக்கு வரும். ஆளுக்கு ஒரு வேலை, பன்னிரண்டு அமர்வு. கடைசியில் வெளியூர்த் தேர்வாளர் முன்னால் அந்த வேலை, “இவங்க எனக்குச் சரிப்படுவாங்க” என்று தன் வாயால் சொன்னால் பட்டமும் உண்டு, அந்த வேலையும் உண்டு. சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

செண்பகவடிவுக்கு வாய்த்தது ஒரு பள்ளிக்கூட ஆலோசகர் வேலை. எட்டு வருஷத்தில் பதினோரு பேர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முதல் நாள் அந்த வேலை நாற்காலி நுனியில் உட்கார்ந்தது. கொடுத்த மோரைக்கூடக் குடிக்கவில்லை.

“உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?” என்று கேட்டாள்.

“எட்டாம் வகுப்பு கணக்கு பீரியடுக்கு ஆள் வரல. நான் போகணும்,” என்றது.

பாவம், அதை எல்லாரும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். எந்த வாத்தியார் லீவு போட்டாலும் அதை அனுப்புவது, ஆண்டுவிழாவுக்குப் பந்தல்காரனைக் கூப்பிட அதை அனுப்புவது.

வீட்டில் அப்பா ஆறுமுகநயினார் வேறு தினமும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். “பேசாம பி.காம். சேந்திருக்கலாம்லா. ஒரு வேலைய உக்கார வச்சு மோரு குடுக்கதுக்கா மூணு வருசம்?”

மற்ற மாணவர்கள் தங்கள் வேலைகளுக்குக் கைகுலுக்கவும் நிமிர்ந்து நடக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். செண்பகவடிவு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அழுத்தக்காரி. அது தானாக மனசுவிட்டுப் பேசும்வரை எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏழாவது அமர்வில் அது வாயைத் திறந்தது.

“ஒரு தடவ ஒரு பிள்ள எங்கிட்ட வந்து அழுதுச்சு. அன்னைக்கு மட்டும் நான் எதுக்கு இருக்கேன்னு தெரிஞ்சுது.”

மீதி ஐந்து அமர்வும் அதைப் பற்றியே பேசினார்கள்.

தேர்வன்று அப்பாவும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் வரல. போறியா?” என்று வேலையிடம் கேட்டார்.

செண்பகவடிவு நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“போக மாட்டேன். ஏதாவது பிள்ள பேச வந்தா நான் அறையில இருக்கணும்,” என்றது வேலை. “இவங்க எனக்குச் சரிப்படுவாங்க.” குரல் வராந்தா வரை கேட்டது.

தேர்வாளர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். செண்பகவடிவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மதிப்பெண்ணைவிட, அது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வெளியே வந்தபோது பெஞ்சில் அப்பா இல்லை. அரை மணி நேரம் கழித்து வந்தார். கூடவே, முப்பத்தோரு வருஷமாக அவர் பார்த்துவரும் ரேஷன் கடை எடை போடும் வேலையும் தலையைக் குனிந்தபடி வந்தது.

“இதும் நானும் ஒரே வீட்டுலதான் இருக்கோம், ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கொஞ்சம் பாருங்க மேடம்,” என்றார்.

செண்பகவடிவு அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அதை மட்டும் உள்ளே அழைத்துப்போனாள்.