கடற்காற்று வரட்டும்

“இன்னும் கொஞ்சம் இழு,” என்றார் ஜீவராஜ், சாய்கதிரையில் இருந்தபடியே.

சுபாஷினி கயிற்றை இழுத்துப் பிடித்தாள். மறுமுனையில் நின்ற ஷாமில் கடைசி முளையையும் அடித்து இறக்கினான். வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருந்த அந்த வீட்டின் பின்வளவில், மேற்கு மூலையில், கயிற்றால் ஒரு நீள்சதுரம் விழுந்துவிட்டது. அண்ணனின் ஓர்கிட் செடிகளுக்குப் பசுமைக்குடில் வரப்போகிற இடம். உள்ளதைச் சொன்னால், அது தங்கச்சியின் உடுப்புக்கொடி காலங்காலமாக நின்ற இடம்.

மனைவியை இழந்த அண்ணனும் கல்யாணமே வேண்டாம் என்றிருந்த தங்கச்சியும் அந்த வீட்டில் ஒன்றாகக் காலம் தள்ளினார்கள். ஒன்றாக என்றால், காலையில் தேத்தண்ணியோடு தொடங்கும் சண்டை இரவுச் சாப்பாடு வரை போகும். மழைக்குச் செடிகளின் வேர் அழுகுகிறது, மேலே பொலித்தீனும் பக்கத்துக்கு வலையும் போட்டு ஒரு குடில் கட்ட வேண்டும் என்று அவர் தொடங்கியபோது, “கொழும்பே ஒரு கிறீன் ஹவுஸ்தானே, அதுக்குள்ள இன்னொண்டு என்னத்துக்கு?” என்று கேட்டவள் அவள். கொடியை அசைக்க விடமாட்டேன் என்று மாதக்கணக்காக ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, அண்ணனை வீட்டுக்குக் கொண்டுபோய் விருப்பமானதைச் செய்துகொடுங்கள் என்று சொன்னார். அன்றோடு அவள் வாய்க்குப் பூட்டு விழுந்தது. அண்ணன் எதைச் சொன்னாலும் ஓம். கொடியைக் கழற்றவா, ஓம். மேற்கு மூலையா, ஓம். அதுதான் அன்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“கதவு எந்தப் பக்கம் வைப்பம்?” என்று கேட்டார் ஜீவராஜ்.

“உங்கட விருப்பம் அண்ணா.”

அவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். “அப்ப கூரையில வைப்பம். ஏணி வச்சு உள்ளுக்க இறங்கலாம்.”

“ஓம் அண்ணா.”

ஷாமிலின் சுத்தியல் அப்படியே நின்றது. நுகேகொடையில் இதுபோல எத்தனையோ குடில் கட்டிக் கொடுத்தவன் அவன்; கூரையில் கதவு வைக்கச் சொன்ன வீட்டை இன்றுதான் பார்க்கிறான்.

“தம்பி, நீர் உள்ள போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாரும்,” என்றார் ஜீவராஜ். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினார். “சுபா, டொக்டர் எவ்வளவு நாள் எண்டு சொன்னவர்?”

அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“கூரையில கதவு வைக்கவும் நீ ஓம் எண்டால், நல்லாக் கிட்டத்தான் இருக்க வேணும்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “நாள் சொல்லேல்லை. கிட்ட எண்டு மட்டும்தான் சொன்னவர்.”

“ம்.” அவர் மதிலைப் பார்த்தார். அதற்கு அப்பால், கடலை மறித்து, இரண்டு அடுக்குமாடிகள் நின்றன. “பிறந்த நாளில இருந்து நான் சொன்ன ஒண்டுக்கும் நீ ஓம் எண்டதில்லை. இப்ப எடுத்ததுக்கெல்லாம் ஓம் எண்ட உடன எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. செத்த ஆளோட கதைக்கிற மாதிரி என்னோட கதைக்காத. இருக்கிற மட்டும் சண்டை பிடி.”

சுபாஷினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கயிற்றை நிலத்தில் போட்டாள்.

“அப்ப சொல்லுறன். இந்த மூலை சரிவராது.”

“ஏன்?”

“கடற்காத்து. அந்த ரெண்டு மாடிக்கும் நடுவில ஒரு இடுக்கு இருக்கெல்லோ, அதுக்குள்ளால வந்து இந்த மூலையிலதான் சுழட்டும். என்ர சீலை எத்தினை தரம் பக்கத்து வளவுக்குப் போனது எண்டு உங்களுக்குத் தெரியுமே? உங்கட பொலித்தீன் தெகிவளையில போய் விழும்.”

“விசர்க்கதை கதைக்காத. ஐஞ்சு மாடி மறிச்சுக்கொண்டு நிக்குது. காத்து எங்கால வாறது? ரெண்டு மணிக்குப் பிறகு நிழல். ஓர்கிட்டுக்கு இதைவிட இடம் இல்லை.”

சுபாஷினி சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். “குசினிப் பக்கம் வையுங்கோ. தண்ணித்தாங்கிச் சுவர் காத்தை மறிக்கும். பைப்பும் பக்கத்தில.”

“அங்க பின்னேர வெயில் முழுக்க விழும். செடி கருகிப்போகும். உனக்குச் செடியில அக்கறை இல்லை, உன்ர கொடியில அக்கறை.”

“ஓம், கொடியிலதான் அக்கறை. உடுக்கிறது நான்தானே, உங்கட ஓர்கிட்டே சீலை உடுக்குது?”

ஷாமில் கோப்பையோடு வாசல்படியில் வந்து நின்றான். “நீங்க ரெண்டு பேரும் முடிவெடுங்க சேர். நான் நாளைக்கு வாரேன்,” என்று சொல்லிவிட்டு நழுவினான். ஜீவராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் முகத்தில் இரத்தம் ஓடியதை அவள் இன்றுதான் கண்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம்.

மத்தியானம் சொதியும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போதும் வெயில், நிழல், காற்று என்று விடவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆகியது. பின்னேரம் கடற்காற்று எழும்பட்டும். அந்த மூலையில் ஒரு சேலையைக் கட்டிப் பார்ப்பது. சேலை பறந்தால் குசினிப் பக்கம். பறக்காவிட்டால் மேற்கு மூலை, அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கக்கூடாது.

“வாய் திறக்காம இருக்கிறதோ? அதுக்கு நான் ஒத்துக்கொள்ளேல்லை,” என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே கட்டிலில் சரிந்தார்.

தேத்தண்ணியோடும் தோளில் போட்ட ஒரு பழைய நூல்சேலையோடும் அவள் எழுப்பப் போனபோது, ஜீவராஜ் எழும்பவில்லை. அடுத்த பதிலை யோசித்துக்கொண்டிருப்பவர் போல நெற்றியைச் சுருக்கியபடியே போயிருந்தார். அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே யன்னல் கதவு ஆடத் தொடங்கியது. அவள் போய்ப் பார்க்கவில்லை.

இரத்மலானையில் இருந்து ஜீவராஜின் மகள் நிஷாந்தினி பிள்ளைகளோடு ஓடிவந்தாள். மறுநாள் காலை பந்தல்காரர்கள் வந்தார்கள். சுபாஷினி உள்ளே வந்தவர்களுக்கு நடுவில் இருந்ததால், பின்வளவில் எங்கே போடுவது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அவர்கள் பார்த்தார்கள்: முளையடித்து, கயிறு பிடித்து, அழகாக ஒரு நீள்சதுரம். வீட்டுக்காரர்கள் முன்யோசனைக்காரர்கள் என்று எண்ணி, முளைக்கு ஒரு காலாக நட்டு, கச்சிதமாக அதற்குமேலேயே பந்தலைப் போட்டுவிட்டார்கள்.

அவள் வந்து பார்த்தபோது, பெட்டியையும் தெற்கே தலை இருக்கும்படி அதற்குள் வைத்தாயிற்று. ஜீவராஜ் தான் கேட்ட இடத்திலேயே கிடந்தார். “ஏன் மாமி, இடம் பிழையே?” என்று நிஷாந்தினி அழுத குரலில் கேட்டாள்.

“உன்ர அப்பாவைக் கேட்டா, இதுதான் சரியான இடம் எண்டுவார்,” என்றாள் சுபாஷினி.

கிரியை தொடங்கியபோது ஒரு இலைகூட ஆடவில்லை. மாடியின் நிழல் பந்தல்மேல் வந்து இறங்கியது, இதமான நிழல். சண்டையின் அந்தப் பாதியில் அவர் சொன்னது சரிதான் என்று அவள் மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். சுண்ணப்பாட்டுப் பாடி, உரலில் சுண்ணம் இடித்து முடிந்தது. பேரப்பிள்ளைகளின் கையில் நெய்ப்பந்தம் கொடுத்துக் கொளுத்தினார்கள். பெட்டியைச் சுற்றிவர அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

அப்போது கடலில் இருந்து காற்று எழும்பியது. இரண்டு மாடிக்கும் நடுவால் நுழைந்து, மதிலைத் தாண்டி, நேரே அந்த மூலைக்கு வந்து சுழன்றது. பந்தம் அணைந்தது. கொளுத்தினார்கள். மறுபடி அணைந்தது. ஐயரின் சால்வை தோளை விட்டுப் பறந்து போய்க் கிணற்றுக்கட்டில் விழுந்தது. சின்னவள் அணைந்த பந்தத்தை வைத்துக்கொண்டு முழித்தாள்.

சுபாஷினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். வாழ்நாளில் அண்ணனை அவள் இவ்வளவு சுத்தமாக வென்றதில்லை. சுற்றிநின்ற அத்தனை பேரும் சாட்சி, ஒருவருக்கும் விஷயம் தெரியாது. தெரிய வேண்டிய ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

“இந்த மூலை சரிவராது,” என்றார் ஐயர் நெருப்புப்பெட்டியோடு. “குசினிப் பக்கம் காத்து இல்லை. பெட்டியை ஒருக்கா அங்கால தூக்கி வைப்பமோ?”

நாலு பேர் முன்னால் வந்து குனிந்தார்கள்.

“வேண்டாம் ஐயா,” என்றாள் சுபாஷினி. “இங்கயே இருக்கட்டும்.”

“பந்தம் நிண்டு எரியாதே அம்மா.”

“எரியும். நீங்கள் கொளுத்துங்கோ.”

அவள் பிடித்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றிப் போனாள். காற்று நுழைகிற அந்த மதிலோரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்தானையை விரித்து இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். காற்று அதை ஊதி முதுகோடு அடித்தது. அவள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

ஐயர் குச்சியை உரசினார். ஒவ்வொரு பந்தமாகப் பற்றியது. பிள்ளைகள் மெல்ல நடந்தார்கள். சுடர்கள் ஆடாமல் நேராக நின்று எரிந்தன.