மணிமொழியின் தாகம்

எண்பத்தேழாம் வருசம் புரட்டாசி மாதம், கைக்குழந்தை மணிமொழியைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில், அவளுடைய தாகம் மட்டும் சாகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது தெரியவந்தது. மூடி வைத்திருந்த குடத்தில் ஒரு சங்கு தண்ணீர் குறைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சங்கு. அடுப்படியில் சுருண்டு கிடந்த தங்கமணிக்கு, தன் மகள் மிடறு விழுங்கும் சத்தம் நன்றாகவே கேட்டது. குடத்தில் விரிசல் இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள், இல்லை. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கோமுகி அணை வாய்க்கால் பாயும் ஊர் அது. கல்வராயன் மலையில் மழை பெய்தால் இவர்கள் கிணறு நிறையும். அதனால் ஒரு குழந்தைக்கான தண்ணீரை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டு, வட மாவட்டங்களில் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்ட வாரம் அது. தங்கமணியின் கணவன் சின்னதுரை கரும்பு வெட்டும் கூலிக்காரன், கைநாட்டு. மகளாவது படித்து நாற்காலியில் உட்காரட்டும் என்ற ஆசையில், ஊர் ஆட்களோடு போய்க் கள்ளக்குறிச்சிச் சாலையின் புளியமரத்தை ரம்பம் போட்டுச் சாய்த்தான். அன்றைக்கே இங்கே குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவனுடைய அக்கா ராஜாம்பாள் ஓடி வந்தாள். பொல்லாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது, ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவள் கைபட்டு வளர்ந்தவை. உரம் விழுந்திருக்கிறது, சுளுக்கு எடுக்க வேண்டும் என்று குழந்தையைப் பழம்புடவையில் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்லி உருட்டினாள். உச்சிக்குழி உள்ளே போனதற்கு விளக்கெண்ணெய் வைத்தாள். தண்ணீரையும் தாய்ப்பாலையும் அடியோடு நிறுத்தச் சொன்னாள்.

“ஓட்டக் கொடத்துல யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களாடி? ஊத்த ஊத்தப் போய்க்கினேதான் இருக்கும். காய வுடு, தானா நின்னுடும்.”

காயவிட்டார்கள். அவள் சொன்னபடியே நின்றது, போவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. சொம்பு போகும் பக்கமெல்லாம் குழந்தையின் கண் போனது. பால் கட்டி ரவிக்கை நனைந்து ஒழுக, அந்த வாசனையில் பிள்ளை ஏங்குமே என்று தங்கமணி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பெற்றவளுக்கு இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

கண் செருகிய பிறகுதான் பெரியாஸ்பத்திரி நினைவு வந்தது. பஸ் இல்லை, வண்டி இல்லை. சின்னதுரை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கே கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக ஏறிக் குதித்து ஓடினான். அவனே அறுத்துத் தள்ளிய புளியமரத்தின் மேல் ஏறும்போது குழந்தையின் தலை துவண்டது. மரம் காவு வாங்கிவிட்டது என்று ஊர் பேசியது. அவனும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு புளி சேர்த்த குழம்பை அவன் தொட்டதில்லை. தன் பிள்ளையைத் தானே கொன்றவன் என்ற பாரத்தோடு தலை குனிந்தே வேலைக்குப் போய்வந்தான்.

தாகம் முதலில் செய்த காரியம், தங்கமணியின் மார்பில் கல்லாய்க் கட்டியிருந்த பாலை இறக்கியது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. குடத்தில் தண்ணீர் குறைவதைக் கண்ட ராஜாம்பாள், “குடுத்துப் பழக்காதே, ஜாஸ்தியாப் பூடும்” என்று குடத்தின் வாயைத் துணியால் வேடு கட்டி வைத்தாள். மூட மூடத் தாகம் முற்றியது. வேப்பிலை கொண்டுவந்த பூசாரிக்கு மந்திரம் சொல்ல முடியாமல் நாக்கு வறண்டது. மழை பெய்யும்போதே கொடியில் கிடந்த துணி காய்ந்தது. தை மாதம் ஊர்க்கிணற்றில் வாளி தரை தட்டியது.

அந்தச் சித்திரையில் பால்வாடிக்குப் புதிதாக ஒரு நர்சம்மா வந்தாள். பெண்களை உட்காரவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு பெரிய சொம்பில் கைப்பிடிச் சர்க்கரையும் மூன்று விரல் சிட்டிகை உப்பும் கலக்கிக் காட்டினாள். கலக்கியதை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்றாள். வயிற்றால் போகிற பிள்ளைக்குப் பாலையும் நிறுத்தக் கூடாது என்றாள். தங்கமணி எழுந்து நின்றாள்.

“தண்ணி குடுத்தா இன்னும் ஜாஸ்தியாப் போவாதுங்களா? ஓட்டக் கொடம்னு சொல்றாங்களே?”

“ஓட்டக் கொடம்னா ஊத்திக்கினே இருந்தாத்தானம்மா உள்ள தண்ணி நிக்கும்? நிறுத்துனா காலியாப் பூடாதா?”

இவ்வளவுதானா என்று தங்கமணி வீட்டுக்கு ஓடினாள். குடத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள், உப்பும் சர்க்கரையும் கலக்கி வைத்தாள். தாகம் மடக் மடக்கென்று சொம்பை முடித்தது. மறுநாள் ஊர்க்கிணற்றில் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறியிருந்தது.

ஆனால் கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவன் தோளில் இருக்கும் பழி இவள் தோளுக்கு வரும். ஒரு வாரம் தடுமாறியவள், கரும்புத் தோட்டத்துக்குக் கூழ் கொண்டுபோன இடத்தில் சொல்லிவிட்டாள்.

“நம்ம புள்ளைய மரம் கொல்லலய்யா. தண்ணி குடுத்துக்கினு இருந்திருந்தா தங்கியிருக்கும். நான்தான் குடுக்காம வுட்டேன்.”

சின்னதுரை வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

“நமக்கு யாரு சொன்னா, தங்கமணி?” என்றான். “இதெல்லாம் தெரிஞ்சுக்கினு நம்ம புள்ளைங்களாச்சும் பொழைக்கட்டும்னுதான மரத்தையே வெட்டனன்.”

இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். மற்ற கூலியாட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

இரண்டொரு வருசத்தில் கேட்ட ஒதுக்கீடு கிடைத்தது. மணிமொழி வயசுப் பெண்கள் சிலர் வளர்ந்து அதில் படித்து நர்சாகவும் டீச்சராகவும் போனார்கள். ஊரில் எந்தப் பிள்ளைக்கு வயிறு கெட்டாலும் முதலில் தங்கமணியைத்தான் கூப்பிட்டார்கள், ராஜாம்பாளே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தங்கமணி அவனை மடியில் வாங்கிச் சங்கால் புகட்டினாள். உப்பு சரிபார்க்க அவளுக்குக் கண்ணீர் எப்போதும் கையிருப்பில் இருந்தது. தங்கமணிக்கு வேறு பிள்ளை தங்கவில்லை. தாகம் மட்டும் வயசுக்குத் தக்கபடி வளர்ந்து, சங்கிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து சொம்புக்கும் வந்தது.

பிறகு ஒரு கோடையில் அணையே வறண்டு, லாரியில் தண்ணீர் வந்தது. தலைக்கு இரண்டு குடம் என்று கணக்கு. குழாய் பிடித்து நின்ற தெய்வசிகாமணி வெளியூர்க்காரன். “உங்க வூட்டுல எத்தினி பேரு?” என்று கேட்டான். சின்னதுரை தயங்காமல், “நானு, என் பொஞ்சாதி, பொண்ணு” என்றான். வரிசையில் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. தெய்வசிகாமணி மூன்று பேருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான்.