ஏழுக்கு ஐந்து ஓட்டில் நெவிலுக்குப் பிடித்த பாட்டு

எழுபதுகளில் வந்த சிங்கிள்களில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சின்ன இசைத்தட்டுகளில், நெவில் ஆக்டனுக்கு எது எல்லாவற்றையும்விடப் பிடிக்கும் என்பதை கிரிம்லி தொழிலாளர் கிளப்பின் கமிட்டி ஏழுக்கு ஐந்து ஓட்டில் முடிவு செய்தது. தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில், பிங்கோ ஆட்ட அறிவிப்புக்கும் இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கல் சீட்டு அறிவிப்புக்கும் நடுவே, ஸ்டாம்பு குத்தி ஒட்டினார்கள். ஓட்டெடுப்பில் நெவில் கலந்துகொள்ளவில்லை. அவன் கமிட்டி உறுப்பினன் இல்லை.

நெவிலுக்கு வேலை கார்ப்பெட் ஆலையில், சாயத் தொட்டிப் பிரிவில். சம்பளம் கைக்கு வந்த வெள்ளிக்கிழமைகளில் மார்க்கெட்டில் இருந்த இசைத்தட்டுக் கடைக்குள் நுழையாமல் அவன் வீடு திரும்பியதே கிடையாது. பத்து வருஷத்தில் துணி அலமாரி நிரம்பியது, மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம் நிரம்பியது, குழந்தைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சின்ன அறையும் நிரம்பியது.

"இந்த வீட்டுல எங்க திரும்பினாலும் தட்டு. சாப்பிடறதுக்குத்தான் ஆறே ஆறு" என்பாள் அவன் மனைவி மாரீன். சொல்லிவிட்டுத் தன் பழைய காலுறையால் இசைத்தட்டுகளின் தூசியைத் துடைப்பவளும் அவள்தான்.

எழுபத்தொன்பது டிசம்பரில் நெவிலுக்கு ஓர் ஆசை வந்தது. பத்து வருஷத்தில் தனக்கு மிகவும் பிடித்த இருபது சிங்கிள்களை, வருஷத்தின் கடைசி சனிக்கிழமை மத்தியானம், பிங்கோ முடிந்ததும் கிளப்பில் போட்டுக் காட்ட வேண்டும். செயலாளர் ஹியூபர்ட் கிளெக்கிடம் போய்க் கேட்டான். கிளெக் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"போடலாம். ஆனா கிளப் கரண்ட்ல எது ஓடினாலும் கமிட்டி பாஸ் பண்ணணும்."

"எனக்குப் பிடிச்ச பாட்டுதானே, ஹியூபர்ட். இதுல பாஸ் பண்றதுக்கு என்ன இருக்கு?"

"பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பச்சைத் துணி போட்டோமே, அது பச்சைன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மூணு கூட்டம் நடத்தினோமா இல்லையா?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. நெவிலுக்கு வாசலருகே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இசைத்தட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் வீட்டில் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது பாட்டுகளை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. முதல் இடத்தில்தான் வண்டி நின்றது. 'மழைக்கோட்டு' என்ற பாட்டு. ஹல் நகரத்துப் பையன்கள் நாலு பேர் ஒரே ஒரு சிங்கிள் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். கடைக்காரரே அதை மறந்துவிட்டிருந்தார்.

"இதை யாருமே கேட்டதில்லையே" என்றார் கிளெக். "எதுக்குப் பிடிக்குது?"

நெவில் திணறினான். இத்தனை நாள் அவனை அப்படி யாரும் கேட்டதில்லை. "கடைசி வரிக்கு முன்னாடி பாடறவன் லேசா இருமுவான். அதை அவங்க எடுக்கல. அப்படியே விட்டுட்டாங்க."

"அப்போ பழுதான தட்டு" என்று கிளெக் எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, மாரீனின் தம்பியும் கமிட்டி உறுப்பினருமான ரோனி எழுந்தான். "நான் ஒண்ணு சொல்லணும். மாமாவுக்கு உண்மையில பிடிச்சது 'குளிக்கிற கரடி'."

அறை சலசலத்தது. 'குளிக்கிற கரடி' ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் நாடு முழுக்க ஓடிய பாட்டு. டிவி கோமாளி ஒருவர் பாடுவார், பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்துவார்கள், தகரத் தொட்டியில் யாரோ தண்ணீரை அடிப்பார்கள்.

"எழுபத்தி நாலு கிறிஸ்துமஸ். எங்க அம்மா வீடு. கரடி பாட்டு ஓடுது. இவரு காலை ஆட்டிட்டு இருந்தாரு. என் கண்ணால பாத்தேன்."

"கால் மரத்துப் போச்சு, ரோனி. உங்கம்மா என்னை நாய்க் கூடை பக்கத்துல குட்டை ஸ்டூல்ல உக்கார வச்சுட்டாங்க."

"மரத்த கால் தாளத்துக்கு ஆடுமா?"

நெவில் குனிந்து தன் காலைப் பார்த்தான். ஓட்டெடுத்தார்கள். கரடிக்கு ஏழு ஓட்டு. எதிர்த்துப் போட்ட ஐவரும் அவனுக்காகப் போட்டவர்கள் அல்ல. அவனுக்குப் பித்தளை பாண்டு வாத்தியம்தான் பிடிக்கும் என்பது அவர்கள் கட்சி.

மறுநாள் ஆலையில் சாயத் தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து கரடி பாட்டு விசிலில் வந்தது. கசாப்புக் கடைக்காரர் சாசேஜைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, "எங்க வீட்டுலயும் அதுதான்" என்று கண்ணடித்தார். பாதிரியார் தெருவில் நிறுத்தி, எளிமையான ரசனை கடவுள் கொடுத்த வரம் என்று கையைக் குலுக்கினார். லீட்ஸில் இருந்த சித்தி கரடி வடிவத்தில் சோப்பு அனுப்பினாள்.

"விட்டுத் தள்ளு" என்றாள் மாரீன். "அடுத்த வாரம் யாராவது பொண்டாட்டியை விட்டுட்டு ஓடுவான். இதை மறந்துடுவாங்க."

"ஸ்டாம்பு வச்சு ஒட்டியிருக்காங்க, மாரீன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உண்மையைச் சொல்லு. காலை ஆட்டினியா?"

அன்று நெவில் சாப்பிடவில்லை. நேராகப் போய் மேல்முறையீடு செய்தான்.

மேல்முறையீட்டுக்கு விதிகளில் வழி இல்லாததால் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. நெவில் கேட்டிருந்த அந்தக் கடைசி சனிக்கிழமை மத்தியானம் எல்லா உறுப்பினர்களுக்கும் முன்னால் இரண்டு பாட்டையும் போடுவது. முதலுதவிப் படையைச் சேர்ந்த ஐவி அம்மாள் நெவிலின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது. மனசுக்குப் பிடித்தது எதுவென்று நாடி சொல்லட்டும். நெவில் சம்மதித்தான். 'மழைக்கோட்டு' தொடங்கும்போதெல்லாம் தன் உடம்பு முழுக்க என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அன்று கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. பட்டாணி மசியலும் சாசேஜும் மேசை மேசையாகப் போயின. நெவிலை மேடையில் உட்கார வைத்து, பாத்திரம் துடைக்கும் துண்டால் கண்ணைக் கட்டினார்கள். ஐவி அம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

'மழைக்கோட்டு' ஓடியது. நெவிலின் தோள் தளர்ந்தது, வாய் லேசாகத் திறந்தது. பத்து நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் எங்கோ கழன்று போனது.

"தூங்கற ஆள் மாதிரி அடிக்குது" என்றாள் ஐவி அம்மாள்.

அடுத்து தகரத் தொட்டியில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. நெவிலின் காது சிவந்தது. பிள்ளைகள் கத்தத் தொடங்கியதும் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்த்தது.

"அம்மாடி, குதிரை ஓட்டமா ஓடுது" என்றாள் அவள். கூடம் கைதட்டியது.

நெவில் துண்டைப் பிடுங்கி எறிந்தான். "அது கோவம், ஐவி அம்மா."

"நாடிக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு. வேகம்தான் தெரியும்."

முறையீடு தள்ளுபடி ஆனது. ஆனால் கிளெக் மேடையை விட்டு இறங்கவில்லை. ரெக்கார்டு பிளேயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமி, "அந்த முதல் பாட்டை இன்னொரு தடவை போடு. பரிசீலனைக்கு" என்றார்.

மறுபடியும் போட்டார்கள். பாதியில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. மது ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். அந்த இருமல் வந்தபோது முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், தன் வீட்டில் யாரோ இருமியது போல, மெல்லத் தலையைத் திருப்பினார். பாட்டு முடிந்த பிறகும் ஊசி கரகரத்துக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்து போய் எடுக்கவில்லை.

கமிட்டி கோட்டு மாட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. பத்தாண்டின் தலைசிறந்த சிங்கிளாக 'மழைக்கோட்டு' பாட்டைக் கிளப் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டது. கிளப்பின் பாட்டைத் தனி உறுப்பினர் யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று அதோடு ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்.

நெவிலுக்குக் கோபம் வந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. இந்தப் பாட்டை இன்னொருத்தர் வாயடைத்துப்போய்க் கேட்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறான். இன்று ஓர் ஊரே கேட்டுவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் மேடை விளிம்பில் உட்கார்ந்தான்.

ரோனி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "என்ன பாட்டு மாமா அது. உங்களுக்குத்தான் பிடிக்காமப் போச்சு."

நெவில் அப்போது சிரித்த சிரிப்பு நிற்கவில்லை. ஐவி அம்மாள் ஓடி வந்து மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தாள்.

புது வருஷத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மார்க்கெட்டிலிருந்து வரும் வழியில் கிளெக் அவனை மறித்தார். "புதுப் பத்து வருஷம் ஆரம்பிச்சாச்சு. ஏதாவது பிடிச்சிருந்தா இப்பவே சொல்லிடு. கடைசி நேரத்துல கமிட்டியைத் தொந்தரவு பண்ணாதே."

"இன்னும் எதுவும் பிடிக்கல, ஹியூபர்ட்" என்றான் நெவில். அவன் கோட்டுக்குள், விலா எலும்பை அழுத்திக்கொண்டு, புதிதாக வாங்கிய சிங்கிள் ஒன்று இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டான். மாரீன் மாவு ஒட்டிய கையோடு சமையலறையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். பாட்டு முடிந்தது.

"நல்லாருக்கா?" என்று கேட்டான்.

"தெரியல. இன்னொரு தடவை போடு."

போட்டான்.