எட்டு லீற்றர்

வியாழக்கிழமை பின்னேரம் நான் நூறு கிலோவைத் தூக்கினேன். நிலத்தில் கிடந்த பளுத் தண்டைப் பிடித்து, இடுப்பு நிமிர எழுந்து நின்று, பிறகு இறக்கி வைத்தேன். ஜிம் நடத்துகிற டினேஸ் விசில் அடித்தான். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் 'தக்சாயினி அக்கா – 100' என்று எழுதினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வரட்டுமே, அதற்கென்ன?

இரண்டாயிரத்து ஒன்பதில், போரின்போது விழுந்து வெடித்த செல்லின் துண்டு என் வலது தொடை எலும்பை உடைத்தது. உள்ளே இன்றைக்கும் கம்பி இருக்கிறது. "பிள்ளை, இனி ஒரு வாளி தண்ணிக்கு மேலை தூக்கிப்போடாதை" என்றார் டொக்டர். ஒரு வாளி தண்ணீராம்! சண்டிலிப்பாயில் கத்தரித் தோட்டம் செய்கிறவளிடம் சொல்கிற கதையா இது? அந்த மனுசனின் முகத்தை நினைத்து நினைத்துத்தான் மூன்று வருடமாக ஜிம்முக்குப் போனேன். மழைக்குக் கால் உளையும். உளைந்த காலோடும் போனேன்.

தண்டில் பக்கத்துக்கு இரண்டாகப் பூட்டிய இரும்புத் தட்டுகளை வழமையாக டினேஸ்தான் கழற்றி வைப்பான். அன்று சந்தோசத்தில் நானே கழற்றினேன். தட்டில் 20 என்று போட்டிருந்தது. இருபது கிலோ கத்தரிக்காய்ப் பெட்டி எப்படி இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். இது அந்தப் பாரம் இல்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு தட்டை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளி காலையில் அதையும் கொண்டு சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்குகிற பஞ்சலிங்கம் அண்ணை என் பெட்டிகளை நிறுத்தார். நாற்பது கிலோ. துண்டில் முப்பத்தாறு என்று எழுதினார். பத்து வீதம் கழிவு. காம்பு, அழுகல், சாக்கு என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். பேசாமல் துண்டை வாங்கினேன். சண்டை பிடித்துத் திருப்பிக் கொண்டுபோனால் கத்தரிக்காய் வாடிப்போகும்.

பிறகு தட்டைத் தராசில் வைத்தேன். பதினெட்டு.

"பதினாறு இருநூறு" என்றபடி அவர் பேனையை எடுத்தார்.

"அண்ணை, இரும்புக்குமோ கழிவு?"

"ஐயோ பிள்ளை, கை பழகிப்போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் தட்டை டினேசின் மேசையில் போட்டேன்.

"நாலும் இப்பிடித்தானோ?"

"ஓம் அக்கா. இஞ்சை பட்டறையிலை வார்த்தது. தண்டு மட்டும் கொழும்பிலை வாங்கினது. அது சரியா இருபது."

"தெரிஞ்சுகொண்டோ நூறு எண்டு எழுதினனி?"

"பத்து வீதந்தானே அக்கா. சந்தையிலை ஒண்டும் கதையாமல் குடுத்திட்டுத்தானே வாறியள்?"

அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன். நாலு தட்டையும் திருப்பித் தண்டில் பூட்டினேன்.

தட்டுக்கு இரண்டாக, நாலுக்கும் எட்டுக் கிலோ குறைவு. அவனுடைய சின்னத் தட்டுகளையும் இனி நம்ப முடியாது. குழாயடியில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, எட்டு ஒரு லீற்றர் போத்தல்களை நிரப்பினேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அதில் எவனும் கழிவு போட முடியாது. பக்கத்துக்கு நாலாகத் தண்டில் இறுக்கிக் கட்டினேன்.

"அக்கா, நேற்றுத்தானே தூக்கினியள். கால் தாங்காது. விடுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது?"

"வாயைப் பொத்து."

குனிந்து பிடித்தேன். தண்டு நிலத்தை விட்டது. முழங்கால்வரை வந்தது. கம்பி வைத்த கால் நடுங்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. கை விட்டுவிட்டது. போத்தல்கள் வெடித்துத் தண்ணீர் தரையெங்கும் ஓடியது.

பலகையில் இருந்த நூறை என் கையாலேயே அழித்து, 92 என்று எழுதினேன். டினேஸ் சாக்கை எடுத்து வந்து தரையை ஒற்றி ஒற்றி, நான் தண்ணீர் பிடித்த வாளிக்குள்ளேயே பிழிந்தான்.

தொண்ணூற்றிரண்டு கிலோவைத் தூக்கியவளுக்கு அதற்கு மேல் அந்த ஒரு வாளி தண்ணீரைத் தூக்க முடியவில்லை. அந்த டொக்டர் எங்கே இருந்தாலும் நாசமாய்ப் போகட்டும்.