கடைசி வளையம்

சாவு வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, தாங்களும் கொஞ்சம் அழுதுவிட்டு வருவார்கள். கடகடவென்று மெஷின் சத்தம் வந்தால் என்ன செய்வது? யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் சித்தி எழுந்தாள். இந்த மாதிரி நேரங்களில் எழுந்து போவதற்கென்றே எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தி இருக்கிறாள்.

"என்னம்மா பண்ற? தாய்க்குத் தாயா வளத்த தம்பி அங்க படுத்திருக்கான். நீ பாட்டுக்கு இங்க உக்காந்து தைச்சுக்கிட்டிருக்க. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"சட்டை தொளதொளன்னு இருக்கு சித்தி. ரெண்டு பக்கமும் பிடிக்கணும்."

"பின்னாடி மடிச்சு ஊக்கு குத்தி விட்டா ஆச்சு. யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல."

சித்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா மறுபடி மெஷினை மிதித்தாள். தம்பிக்குப் பிடித்த நீலச் சட்டை. போன வருடம் அவளே அளவெடுத்துத் தைத்தது. மார்பில் பிடிக்கிறது என்று அப்போது குறை சொன்னான். இப்போது அதற்குள் அவனோடு இன்னொருவரும் தாராளமாக நுழையலாம். நோய் அவனை அப்படித் தின்றிருந்தது. பக்கத் தையலைப் பிரித்து உள்ளே பிடித்தாயிற்று, கைகளையும் பிடித்தாயிற்று, ஒரு கைப்பட்டிதான் பாக்கி. விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. மனசு மட்டும் வேறொரு தையலில் மாட்டிக்கொண்டு நின்றது.

தம்பிக்குக் கடலில் வேலை. கப்பல் ஓட்டுவதும் இல்லை, மீன் பிடிப்பதும் இல்லை. கடலில் சுழல்களைத் தேடிப் போய் அளந்துவிட்டு வருவான். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவள் கணவனுக்குத் தீராத ஆச்சரியம்.

"ஆளை உள்ள இழுத்துட்டுப் போகுமே, அதுவா மச்சான்?"

"அது இல்ல மாமா. டீயக் கலக்கிட்டுக் கரண்டிய எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சுத்துதில்ல, அந்த மாதிரி. ஆனா குறுக்க நூறு கிலோமீட்டர் இருக்கும். மாசக்கணக்குல சுத்தும்."

"அதுக்குள்ள டீ ஆறிப்போயிடுமே மச்சான்!"

நடுவில் கப்பலை நிறுத்திவிட்டு நின்றால்கூட ஒன்றும் தெரியாதாம். அந்த இடத்தில் கடல் ஒரு சாண் மேடாகவோ பள்ளமாகவோ இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு சாணை மேலே சுற்றும் செயற்கைக்கோள் அளந்து சொல்லும். அதை நம்பிப் போய் ஒரு மிதவையைப் போட்டுவிட்டு வருவார்கள். மிதவை தண்ணீரோடு போகும், போகிற இடத்தையெல்லாம் செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே போகும். வெறும் மிதவையைப் போட்டால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அதற்கடியில் ஆழத்தில் ஒரு நீளத் துணிக்குழாயைத் தொங்கவிட வேண்டும். உள்ளே வரிசையாக வளையங்கள், பக்கங்களில் பெரிய பெரிய ஓட்டைகள். அந்தத் துணி தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மேலே காற்று என்ன ஆட்டம் போட்டாலும் மிதவை தண்ணீர் போகும் வழியில்தான் போகும்.

ஆய்வகத்துக்கு வந்திருந்த துணிக்குழாய்களில் ஒன்று மூட்டையைப் பிரிக்கும்போதே கிழிந்திருந்தது. கப்பல் கிளம்ப அதிக நாள் இல்லை. தம்பி துணியையும் ஒரு கண்டு நைலான் நூலையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, ஒரு மாப்பிள்ளைக்கு அவசரமா சட்டை தைக்கணும்."

"என்னடா இது? கழுத்து எங்க, தோள் எங்க?"

"அதெல்லாம் கிடையாது. ஊர் சுத்துறது ஒண்ணுதான் அவனுக்கு வேலை."

அன்றிலிருந்து அந்த மிதவைக்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவள் பார்த்துப் பார்த்துத்தான் தைத்தாள். ஒவ்வொரு வளையத்துக்கும் இரட்டைத் தையல். அதுதான் வினையாகப் போயிற்று. கடைசி வளையத்துக்கு வரும்போது நைலான் நூல் தீர்ந்துபோனது. வாசலில் ஆய்வகத்து வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. டப்பாவில் கிடந்த காட்டன் நூலைக் கோத்து அந்த ஒரு வளையத்தை முடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே வாசல்வரை போனாள். தம்பி டிரைவரிடம் மார்தட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க அக்கா தைச்சது. கடல் தலைகீழா நின்னாலும் பிரியாது."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கப்பலிலிருந்து வந்தபோது அவன் இரண்டு விரல்களில் கட்டுப் போட்டிருந்தான். கேட்டதற்கு, கயிறு அறுத்துவிட்டது என்றான். விரல் ஆறிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த வயிற்றுவலிதான் ஆறவில்லை. பரிசோதனை, ஆஸ்பத்திரி, மறுபடி பரிசோதனை. கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். வீடென்றால் அக்கா வீடுதான். அவனுக்கு வேறு வீடு எப்போதும் இருந்ததில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு அவனுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. தினமும் காலையில் அவள்தான் டேப்லெட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். திரையில் நீலமாகக் கடல், அதில் ஒரு சிவப்புப் புள்ளி, அதன் பின்னால் அது வந்த வழி. பாபினில் நூல் சுற்றின மாதிரி சுற்றுமேல் சுற்றாக விழுந்திருக்கும். "சுத்துறானா?" என்பான். "சுத்துறான்டா" என்பாள். "மாப்பிள்ளை சுத்துற வரைக்கும் நானும் இருப்பேன்க்கா" என்று ஒருநாள் சிரித்தான். "வாயைக் கழுவுடா" என்று திட்டினாள். திட்டினாளே ஒழிய, அந்தப் பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பத்துப் பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு காலையில் புள்ளி சுற்றவில்லை. கோடு போட்ட மாதிரி நேராகப் போயிருந்தது. துணி கழன்றால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும் என்று அவன் சொன்னதை மறப்பாளா? கடைசி வளையம்.

"சுத்துறானாக்கா?"

"சுத்துறான்டா."

மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும். நேற்று மாலை, மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தபோதும் அவன் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள். "மாப்பிள்ளை?" என்றான். "சுத்துறான்டா ராசா" என்றாள். அதுதான் அவன் கடைசியாகக் கேட்டது. தன் வாயிலிருந்து கடைசியாக அவன் காதில் விழுந்தது ஒரு பொய் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வெளியே வரவில்லை.

"போதும் குடும்மா. வண்டி வர நேரமாச்சு. சட்டையப் போட்டு விடணும்ல" என்று சித்தி கையை நீட்டினாள். கடைசித் தையல் ஓடி முடிந்ததோ இல்லையோ, சித்தி சட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மெஷின் ஊசியில் அறுந்த நூல் ஆடியது.

அவள் எழுந்திருக்கவில்லை. யாரோ கதவருகில் வந்து நிற்பது தெரிந்தது. தம்பியோடு வேலை பார்த்த ஆய்வகத்துப் பெண். ஒரே கப்பலில் போனவள். இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. வந்து கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சார் கடைசியா ஏதாவது பேசினாராக்கா?"

"மாப்பிள்ளையத்தான் கேட்டான்."

அந்தப் பெண் தலையாட்டினாள். அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நான் பொய் சொன்னேன்மா. அது சுத்தல. நேரா போய்க்கிட்டிருக்கு. என் தையல்தான் பிரிஞ்சிடுச்சு. அவன்கிட்ட சொல்ல வாய் வரல. தினமும் சுத்துது சுத்துதுன்னு சொல்லி ஏமாத்தி அனுப்பிட்டேன்."

"சாருக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அது நேரா போக ஆரம்பிச்ச அன்னைக்கே நான் போன் பண்ணிச் சொன்னேன். துணி பிரியலக்கா. சுழல்தான் ஓய்ஞ்சுபோச்சு. பக்கத்துல போற நீரோட்டத்துல கலந்து கரைஞ்சிடுச்சு. செயற்கைக்கோள்லயும் இப்ப அந்த மேடு இல்ல. மாப்பிள்ளை அந்த நீரோட்டத்தோடதான் போய்க்கிட்டிருக்கு."

"அப்ப துணி?"

"தொங்கிக்கிட்டுதான் இருக்கு. கீழ இழுக்குதா இல்லையான்னு சொல்றதுக்கு மிதவையில ஒரு கருவி இருக்கு. இன்னைக்குக் காலையிலயும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

கூடத்தில் நாற்காலியை யாரோ இழுத்துப் போட்டார்கள்.

"தெரிஞ்சா ஏன் தினமும் என்னைக் கேட்டான்?"

"நானும் கேட்டேன்க்கா. 'அக்கா எனக்காக அதைச் சுத்த விட்டுக்கிட்டிருக்காங்க, நான் கேக்காம விட்டா அவங்களுக்குச் சந்தேகம் வந்திடும்'னாரு."

அவள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. என்னைத் தேத்துறதுக்காகச் சொல்ற. அந்தக் கடைசி வளையம் காட்டன் நூல். யாருக்கும் தெரியாது. நூல் தீந்துபோச்சு, வண்டி வந்து நிக்குது, போட்டுக் குடுத்துட்டேன். உப்புத்தண்ணியில அது எத்தனை நாள் தாங்கும்? எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் தன் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு."

"எதை?"

"மிதவையைக் கடல்ல போடுறதுக்கு முன்னாடி எல்லாத் தையலையும் கையால தடவிப் பாத்தாரு. கடைசி வளையத்துக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. மீன் வலை பின்ற நூல் கொஞ்சம் கப்பல்ல இருந்துச்சு. அதை வாங்கிக்கிட்டு வந்து டெக்ல உக்காந்துட்டாரு. நான் தைக்கிறேன் சார்னு கேட்டேன், குடுக்கல. ஒரு பகல் பூரா தைச்சாருக்கா. கப்பல் ஆடுது, ஊசி வேற பெரிசு. விரலெல்லாம் குத்திக்கிட்டு ரத்தம். 'எங்க அக்கா காதுக்குப் போச்சு, அவ்வளவுதான். ராத்திரி தூங்கவே மாட்டாங்க'ன்னாரு."

சட்டையில் ஒரு பட்டன் தெறித்தால்கூட அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அக்காவிடம் ஓடி வருகிறவன். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் ஊசியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவன். கயிறு அறுத்துவிட்டதாம்.

பிறகு அவள் கேட்டது ஒரு டைலர் கேட்கும் கேள்வியாகத்தான் இருந்தது.

"என்ன தையல் போட்டான்?"

"தெரியலக்கா. கோணல்மாணலா இருந்துச்சு."

"முடிச்சு?"

"ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சாறு போட்டாரு. இவ்வளவு பெரிசா இருந்துச்சு" என்று அந்தப் பெண் சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள்.

"பாவி" என்றாள் அவள். "பாவி, ஒரு முடிச்சு போடத் தெரியுதா பாரு." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. மெஷின் பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வீடே கேட்கும்படி அழுதாள். கூடத்தில் இருந்தவர்களுக்கு அப்பாடா என்றிருந்தது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சித்தி முதல் ஆளாக ஓடி வந்தாள்.

வண்டி வந்துவிட்டது என்று கணவன் வந்து மெல்லச் சொன்னான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கூடத்துக்குப் போனாள். எல்லோரும் வழிவிட்டார்கள். சட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தோள் இடத்தில் தோள், மார்பில் ஒரு சுருக்கமில்லை. பார்த்தவர்களுக்குத் தம்பி பழைய தம்பியாகத் தெரிந்தான். வலது கைப்பட்டியில் மட்டும், சித்தி இழுத்துக்கொண்டு போன அவசரத்தில், ஒரு நூல் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வரவா?" என்றான் கணவன்.

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போகிறவனை வாசலில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, இப்படித்தான் சட்டையில் தொங்கும் நூலைப் பல்லால் கடித்து எடுப்பாள். கூசுது விடுக்கா என்று குதிப்பான். இப்போது அவன் கையை அவளே தூக்க வேண்டியிருந்தது. சில்லென்று கனத்தது. குனிந்து, மணிக்கட்டோடு வாயை வைத்து நூலைக் கடித்தாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். அவள் உதட்டில் நீலநூல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைச் சித்தி பார்த்துத் துடைத்துவிடக் கையைக் கொண்டுவந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.